தொடாதே என்ற ஃபோல்டர்

எங்கள் கல்லூரி விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், ஆமத்தூருக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கே நான் விலங்கியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னொரு வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெரிதாக்கி, அளந்து, எண்ணிப் பார்ப்பது எப்படி என்று வெளியாட்களுக்கு வகுப்பு எடுத்தேன். லேப் டெக்னீஷியன்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், படித்து முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மென்பொருளுக்குக் காசு கிடையாது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது. காசில்லாமல் கிடைக்கிற எதையும் எங்கள் ஊரில் லேசில் நம்ப மாட்டார்கள். மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், "சும்மா குடுக்கான்னா அதுல என்னமோ இருக்கு" என்று கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் வகுப்பில் அந்த மென்பொருளைத் திறக்கவே விட மாட்டேன். ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு அதற்கு 'தொடாதே' என்று பேர் வைக்கச் சொல்வேன். கேமரா எடுத்த படம் எப்படி வந்ததோ அப்படியே அதற்குள் போய்விட வேண்டும். பிறகு ஒரு நகல் எடுத்து அதை வைத்து என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். தொடாதேக்குள் இருப்பதில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கல்லூரியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

அந்த முறை வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி லேப் பக்கமே போகாதவள். ஆமத்தூர்க்காரி, முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பல வருஷமாகக் கம்ப்யூட்டரில் டச்சப் வேலை. காலண்டரில் வருகிற சாமிகளின் முகத்தை மினுமினுக்க வைப்பது, வெடிப்பெட்டி லேபிளில் புகையை எடுத்துவிட்டுப் பொறியை மட்டும் நிறுத்துவது, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பனியன் போட்ட ஆளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிடுவது எல்லாம் அவள் கைவேலைதான். பயாலஜி பன்னிரண்டாம் வகுப்போடு சரி, ஆனால் சிஸ்டத்தில் எதைக் கொடுத்தாலும் பழகிக்கொள்வேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டாள். அது வீண் பேச்சு இல்லை என்பது அவள் மவுஸைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மற்றவர்கள் மெனுவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் அடுத்த பாடத்தில் இருப்பாள்.

அவளை பைக்கில் கொண்டுவந்து விடுவது அவள் வீட்டுக்காரர். வகுப்பு முடிகிறவரை வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார். இடது கன்னத்திலிருந்து காது வழியாகக் கழுத்து வரைக்கும் தீத்தழும்பு. போன தீபாவளிக்கு முன்னால், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் பற்றியது. அவர் வாசலில் நின்றதால் தப்பித்தார். அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. விருதுநகரில் பருப்பு மில்லில் லோடு வந்தால் ஏற்றி இறக்குவார், வராத நாள் வீட்டில் இருப்பார். மருந்து கலக்கத் தெரிந்த ஆள் எளிதில் கிடைக்காது என்பதால் கம்பெனி போர்மேன் மட்டும் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் வகுப்பில் பழகுவதற்கு ஆளுக்கொரு போட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவள் வீட்டுக்காரரின் போட்டோவைக் கொண்டுவந்தாள். வீட்டு வாசலில், கைலியும் சட்டையுமாக, யாரையோ பார்த்துச் சிரிக்கப் போகிற முகம். மூலப்படத்தைத் தொடாதேக்குள் போட வைத்தேன். நகலை வைத்து இஷ்டப்படி விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்த் திரும்புவதற்குள், அவள் தன் லேப்டாப்பில் இருந்த பிரஸ் மென்பொருளில் அந்தத் தழும்பை எடுத்துவிட்டிருந்தாள். வலது கன்னத்துத் தோலை எடுத்து இடது கன்னத்தில் ஒட்டி, தாடியைக்கூட ஒவ்வொரு முடியாக நட்டிருந்தாள். எங்கே ஒட்டு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எப்படிச் செய்தாய் என்று நான் கேட்க, ஒரு தடவை மெதுவாகச் செய்தும் காட்டினாள். யாரோ போய் வெளியே இருந்தவரைக் கூட்டி வந்தார்கள். அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது யாரு, எந்தம்பியா? எனக்குத்தான் தம்பி கெடையாதே" என்றார்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும்தான்.

இரண்டாவது வாரம் வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் படம் பிடித்துக் கொடுத்தேன். பாசி, அதன் நடுவே நீந்துகிற ஒருசெல் உயிர்கள், மண்துகள் எல்லாம் கலந்த படம். பெரிதாக்கிப் பார்த்து எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். அவளுடைய திரையை நான் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய பாசி ஒன்று மட்டும் நடுவில் அழகாகக் கிடந்தது. சுற்றிலும் துடைத்துவிட்ட மாதிரி வெறும் தண்ணீர். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பரீட்சைப் பேப்பர் கட்டிக்கொண்டிருந்த கிளார்க் எட்டிப் பார்த்தார்.

அவள் பயந்துவிடவில்லை. அவர்கள் பிரஸ்ஸில் வேலை எப்படி என்று நிதானமாகச் சொன்னாள். ப்ரூப் எடுத்ததும் சூப்பர்வைசர் லென்ஸை வைத்துப் பார்த்து, எங்கெல்லாம் புள்ளி விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். யார் செய்த படமோ அவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைத் தூக்கிப் பிடிப்பார். சாமி இருக்கணும், பூ இருக்கணும், விளக்கு இருக்கணும், மற்றதெல்லாம் பேக்ரவுண்டு. அதில் ஒரு புள்ளி இருந்தாலும் வேலை தெரியாதவள் என்று அர்த்தம். அவள் பேரைச் சொல்லித் தாளைத் தூக்கிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது.

எங்கள் அத்தா கடை விஷயத்தைத்தான் அவளுக்குச் சொன்னேன். மூட்டையிலிருந்து ஒரு கை வத்தலை அள்ளி சாம்பிள் காட்டும்போது, அதில் இருக்கிற காம்பையும் சோடை வத்தலையும் பொறுக்கிவிட்டுக் காட்டுகிற ஆளோடு அத்தா மறுபடி யாவாரம் வைத்துக்கொள்ள மாட்டார். மைக்ராஸ்கோப் படமும் சாம்பிள்தான். இங்கே பேக்ரவுண்டு என்று ஒன்று கிடையாது. திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம், அது லைட்டைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிற மாதிரி, படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று பின்னால் யாருக்குமே தெரியாமல் போய்விடும். இதை நான் எல்லா வகுப்பிலும் சொல்வதுதான். அவள் மட்டும் வாய்க்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் அவள் எந்தப் படத்தையும் துடைக்கவில்லை.

ஒருநாள் வெயில் தாங்க முடியாமல் அவள் வீட்டுக்காரரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அளவுகோல் போடுகிற பாடம். படத்தின் மூலையில் ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டின் நீளம் இவ்வளவு என்று குறிப்பது. எதையாவது அளந்து காட்ட வேண்டும் என்று தேடியபோது, தன் சட்டைப்பையில் கம்பெனித் தூசு இன்னும் இருக்கும், எத்தனை துவைப்பு துவைத்தாலும் போகாது, அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். பையின் மடிப்பை உதறியதில் கண்ணாடி மேல் லேசாகச் சாம்பல் நிறம் படிந்தது. திரையில் போட்டேன். அலுமினியத் துகள்கள், சின்னச் சின்னத் தகடாக, விளிம்பு கிழிந்து மினுங்கின. கோடு போட்டு அளந்தோம். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பல துகள் அடங்கும் என்று வந்தது.

அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "இம்புட்டூண்டா" என்று மட்டும் கேட்டார். அவள் அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் உள்ளே வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்கு மைக்ராஸ்கோப் மீது ஆசை ஒன்றும் இல்லை. மதுரையில் ஒரு பெரிய லேப், ஸ்லைடுகளைப் படமாக்கி, வீட்டிலிருந்தே செல்களுக்குக் கோடு வரைந்து எண்ணிக் கொடுக்க ஆள் எடுக்கப் போவதாக நான்தான் வகுப்பு நோட்டீஸில் போட்டிருந்தேன். அதற்காகத்தான் அவள் வந்திருக்கிறாள். பிரஸ் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டை ஓட்ட முடியாது, பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள். மில்லில் லோடு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தீபாவளி சீசன் தொடங்கினால் போர்மேன் வீட்டுக்கே வந்துவிடுவார். அதற்குள் அந்த வேலை கிடைத்துவிட்டால் வீட்டுக்காரர் கம்பெனிப் பக்கம் போக வேண்டியதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

"இந்த வேலை கெடைச்சிட்டா அவுகள கம்பெனி வேன்ல ஏற விடமாட்டேன் மேடம்" என்றாள்.

நான் மதுரைக்குப் பேசினேன். அந்த லேப்பின் டாக்டர் எனக்குப் பழக்கம், சத்தம் போட்டுப் பேசாதவர். டிகிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும் என்றார். சோதனைக்காகச் சில ரத்தப் படங்களை அனுப்புவோம், அதில் வெள்ளையணுக்களுக்கு மட்டும் கோடு வரைந்து எண்ணி அனுப்பட்டும் என்றார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்காகவே ரத்தப் பாடம் எடுத்தேன். கூட்டமாகக் கிடக்கிற சிவப்பணு, நடுவே ஊதாச் சாயம் ஏறிய பெரிய வெள்ளையணு, இடையில் தூவிவிட்ட மாதிரி பொடிப்பொடியாகத் தட்டணு. டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அதே தட்டணுதான், பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவார்களே, அது. அவள் எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னாள். ஒரு வெள்ளையணுவைக்கூட விடவில்லை. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

படங்கள் வந்தன. மூலப்படங்களைத் தொடாதேக்குள் போட்டுவிட்டேன் மேடம் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாள். பிரஸ் விட்டு வந்து தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கோடு வரைந்தாள். வீட்டுக்காரர் சோறு பொங்கினாராம், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வெளியே கூட்டிப் போனாராம். அனுப்பிவிட்டேன் என்று சொன்ன அன்று நான் அவளுக்கு ஸ்வீட் வாங்கி வைத்துக் காத்திருந்தேன்.

மதுரை டாக்டர் மெயிலில் பதில் போடாமல் போனில் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, அந்த அம்மா படத்தில் கை வைத்திருக்கிறார் என்றார். வெள்ளையணு எண்ணிக்கையெல்லாம் சரி, கோடும் ரொம்ப நன்றாக வரைந்திருக்கிறார். ஆனால் அவர் அனுப்பிய படங்களில் ஒரு தட்டணுகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பக்கத்து இடத்தை நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒட்டியதே தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

நான் அவளுக்குப் போன் போட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, ஆனால் எங்கே தப்பு என்று மட்டும் புரியவில்லை. மூலப்படத்தைத் தொடவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கோடு வரைந்ததும் எண்ணியதும் துடைக்காத நகலில்தான். எல்லாம் முடிந்த பிறகு, அனுப்புகிறதுக்கு முன்னால்தான், சுற்றி இருந்ததை எடுத்திருக்கிறாள். தட்டணு என்று தெரியும். அவர்கள் கேட்டது வெள்ளையணு மட்டும்தானே என்று நினைத்திருக்கிறாள். வகுப்பில் செய்வது பாடம். இது ஆர்டர்.

"பார்ட்டிக்குப் போற ஃபைலுல்ல மேடம். புள்ளியோட எப்பிடி அனுப்புறது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவள் ஏமாற்றவில்லை. ஒழுங்கைக் காட்டியிருக்கிறாள். சூப்பர்வைசர் லென்ஸோடு தாளைத் தூக்கிப் பிடித்து அவள் பேரைச் சொல்லக் கூடாது என்று, கண் வலிக்க வலிக்க ஒவ்வொரு தட்டணுவாக எடுத்திருக்கிறாள். வகுப்பில் நான் எத்தனையோ சொன்னேன், வெளியே அனுப்பும்போதும் அப்படியே அனுப்பு என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. பிரஸ்ஸில் வேலை பார்க்காத எவளுக்கும் அதைச் சொல்ல வேண்டியதே இருந்திருக்காது.

மதுரைக்கு மறுபடி பேசினேன். மூலப்படம் பத்திரமாக இருக்கிறது, கோடுகளை அதன் மேல் வைத்து நானே அனுப்புகிறேன், அந்தப் பெண் எண்ணியதில் ஒரு தப்பும் இல்லை என்று மன்றாடினேன். மன்றாடுவது எனக்குப் பழக்கமில்லை, நன்றாகவும் செய்திருக்க மாட்டேன். டாக்டர் முழுவதும் கேட்டார். மூலப்படம் எங்களிடமும் இருக்கிறது மேடம், அது பிரச்சினை இல்லை என்றார். நாளைக்கு ஒரு நோயாளியின் படம் இப்படித் துடைத்து வந்து, நான் அதை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பேன். அந்த நியாயம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அவளிடம் நேரில் போய்ச் சொன்னேன். அழவில்லை. மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார்ப்பீகளா என்று மட்டும் கேட்டாள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது கேட்கிறேன் என்றேன். அடுத்த முறை எப்போது என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. வீட்டுக்காரர் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சீசன்தானே, போய்ட்டு வந்துட்டா ஆச்சு என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள். நான் வாங்கி வைத்திருந்த ஸ்வீட்டைப் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் பிரஸ்களில் வேலை முறுக்கும். பட்டாசுக் கம்பெனிகளிலும் அதே சமயம்தான். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்துவிட்டது. வகுப்புக்கு வருவது நின்றுபோனது. காலையில் என் பஸ் ஆமத்தூரில் நிற்கும்போது சில நாள் கம்பெனி வேன் எதிரே நிற்கும். ஜன்னலோரம் அவர் இருந்தால் கையைத் தூக்குவார். தழும்பு இருக்கிற பக்கம் ரோட்டைப் பார்த்து இருக்கும், அதை வைத்துத்தான் தூரத்திலேயே அவரை அடையாளம் கண்டுகொள்வேன். ஒருநாள் பஸ்ஸும் வேனும் ஒட்டி நின்றபோது, "சீசன் முடியட்டும் மேடம், மறுபடி கொண்டாந்து விடுறேன்" என்றார். நானும் வரச் சொல்லுங்கள், இடம் வைத்திருக்கிறேன் என்றேன். வேன் முதலில் கிளம்பியது.

நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். இடம் மாறும், ரூம் எண்ணிக்கை மாறும், உராய்வினால் என்று ஒரு சொல் கட்டாயம் இருக்கும். வகுப்பில் இருந்தேன், தூரத்தில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் யாரோ போனில் காட்டிய செய்தியில் கம்பெனி இருக்கிற ஊரின் பேரைப் பார்த்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன சொந்தக்காரர்கள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவளைத் தடுத்துவிட்டார்களாம்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். உடம்பு இன்னும் வரவில்லை. தெருவில் சேர் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டாள். நான் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் வாய் இருக்கிற எனக்கு அன்றைக்கு இல்லை.

போஸ்டர் அடிக்கப் போட்டோ வேண்டும் என்று வீட்டுக்காரரின் மாமா வந்து நின்றார். உடம்பை வைத்த பெட்டி ஊருக்குள் வருவதற்குள் ஒட்டியாக வேண்டும், பிரஸ்ஸில் ஆள் காத்திருக்கிறது என்றார். அவள் ஒரு மூலையைக் காட்டினாள். லேப்டாப் அங்கே இருந்தது. மாமாவுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. இவுக கம்ப்யூட்டர் மேடம்தான என்று என்னிடம் கொடுத்தார். எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டேன்.

"தொடாதேல" என்றாள்.

திறந்தேன். அணைத் தண்ணீர், அலுமினியத் துகள், மதுரைப் படங்கள், எல்லாம் வந்தபடியே அதற்குள் இருந்தன. முதலில் போட்டது அவர் போட்டோ. கைலி, சட்டை, வீட்டு வாசல், சிரிக்கப் போகிற முகம், தழும்பு. மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். ஊரெல்லாம் பார்க்கிற போஸ்டர், பிள்ளைகள் பார்க்கும், போகிற நேரத்திலாவது முகம் லட்சணமாக இருக்கட்டும் என்றார். பக்கத்தில் இருந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஏதாவது செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்றுதான் இருந்தது. பிரஸ் மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்தேன். முதல் வகுப்பில் அவள் செய்து காட்டியது நினைவில் இருந்தது. வலது கன்னத்திலிருந்து எடுத்து இடது கன்னத்தில் வைத்தேன். கழுத்திலிருந்து ஆரம்பித்து மேலே வந்தேன். அவள் அளவுக்கு எனக்குக் கை வராது, ஆனாலும் காதுவரைக்கும் வந்துவிட்டேன்.

அவள் எப்போது எழுந்து வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது.

"அது தொடாதேக்குள்ள இருந்த படம் மேடம்" என்றாள்.

நகல் எடுக்காமல் மூலப்படத்திலேயே கை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா அவளைச் சமாதானப்படுத்தினார். நீயே எத்தனை பேருக்கு இப்படிச் செய்து கொடுத்திருப்பாய் என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரையில் பாதி மறைந்திருந்த கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா அங்கன என்ன இருந்துச்சுன்னு பின்னால யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீக" என்றாள். "அங்க அவுக மொகத்தக் காட்ட மாட்டேனுட்டாக. எனக்கு இருக்கது இதுதான். இருக்கட்டும்க்கா."

அதுவரை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நான் படத்தை மூடினேன். செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அழுத்திய பிறகும் பயமாக இருந்தது, நடுவில் எப்போதாவது சேமித்துத் தொலைத்திருப்பேனோ என்று. மறுபடி திறந்தேன். கழுத்து, காது, கன்னம், எல்லாம் அப்படியே வந்தது. அவள் குனிந்து, பிரஸ்ஸில் ப்ரூப் பார்ப்பது மாதிரி, ஓரம் ஓரமாக ஒரு தடவை சரி பார்த்தாள். பிறகு அனுப்பச் சொன்னாள்.